காலையில் மட்டும் நொண்டும் கால்

தலைமை ஏற்றிருக்கும் ஆலயத் தலைவர் அர்ச்சுனன் அவர்களே, தோட்டத்துப் பெரியோர்களே, விடியுமுன் விழித்து, வெயிலேறுமுன் பால்மரம் சீவி, வீட்டை வாழவைக்கும் தாய்மார்களே, பகாவ் நகரிலிருந்து மோட்டாரில் வந்து வாசலை அடைத்து நிற்கும் இளைஞர்களே, வணக்கம்.

பதினெட்டு ஆண்டுகளாக இங்கே டிரசராக மருந்து கொடுக்கும் அமிர்தலிங்கம் நான். இன்று மருந்து கொடுக்க வரவில்லை; என் தவற்றை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

என் மருந்தகம் எப்போது திறக்கும்? பால் எடை போட்ட பிறகு, பகல் ஒரு மணிக்கு. அந்த நேரத்தில்தான் மயிலம்மாள் தன் ஐந்து வயது மகள் திலகவதியைத் தூக்கி வந்தார். "காலையில கால மடக்க முடியலங்க ஐயா, நொண்டுது" என்றார். குழந்தையோ என் முன்னே ஓடியது, ஆடியது. முட்டியில் லேசான வீக்கம். "எங்கயோ விழுந்திருக்கும் லா. பிள்ளைகள விடுற ஆயாக்கொட்டகைக்குப் போகக் கள்ளம் பண்ணுது" என்று சிரித்தேன். மூன்று முறை வந்தார். மூன்று முறையும் சிரித்தேன்.

வாசலில் நிற்கும் தம்பி, நீங்கள் சிரிக்காதீர்கள். சென்ற மாதம் வலக்கண்ணைப் பொத்தி விளையாடிய அந்தக் குழந்தை, "அம்மா, இருட்டா இருக்கு" என்றது. கண் சிவக்கவில்லை, வலிக்கவில்லை, நீர் வடியவில்லை. ஆனால் இடக்கண் போய்விட்டது.

முட்டிக்கும் கண்ணுக்கும் என்ன உறவு? நானும் அவளுக்குச் சிகிச்சை தரும் சிரம்பான் மருத்துவரைக் கேட்டேன். நோயை எதிர்க்க வேண்டிய நம் உடம்பு, சொந்த உயிரணுவின் கருவுக்குள் இருக்கும் புரதத்தையே பகையென்று எண்ணி, அதற்கு எதிராக ஆயுதம் செய்கிறதாம்; இந்த நோயில் மூட்டும் வீங்கும், கண்ணின் உள்ளும் வீங்குமாம். அப்படித் தாக்கப்படும் புரதம் ஒன்றை அயல்நாட்டு ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு, 'டெக்' என்கிறார்கள். மூட்டு வீங்கிய குழந்தையின் இரத்தத்தில் அத்தகைய ஆயுதம் தெரிந்தால், ஓசையின்றிக் கண் கெடும் ஆபத்து அதிகம். திலகவதியின் இரத்தத்தில் தெரிந்தது.

தொற்றுமா என்கிறீர்களா அம்மா? தொற்றாது. ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. வலக்கண்ணிலும் நோய் தொடங்கிவிட்டது, மருந்து விடுகிறோம். அது பிழைக்குமா? நான் சிரித்து அனுப்பிய குழந்தைகள் இன்னும் எத்தனை?

காலையில் கால் விறைத்து, பகலில் சரியாகும் பிள்ளை யார் வீட்டில் இருக்கிறது? கையைத் தூக்குங்கள்.

ஒன்று. இரண்டு. தூணோரம் நீங்களுமா, லெட்சுமி? மூன்று.

கையை இறக்காதீர்கள். நாளை முதல், நீங்கள் வேலைப் பெரட்டுக்குப் பெயர் கொடுக்கப் போகுமுன், விடிகாலை நாலரைக்கே என் கதவு திறந்திருக்கும். குழந்தையை இடுப்பில் தூக்கி வராதீர்கள் தாய்மார்களே, நடத்திக் கூட்டி வாருங்கள். அந்த நடையை நான் பார்க்க வேண்டும்.

தூக்கிய அந்த மூன்று கைகளுக்கும் என் நன்றி. அனைவருக்கும் வணக்கம்.