பாதியில் நிறுத்திய வாசிப்பு

மழை விட்டு, விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம். நீர்வேலித் தோட்டங்களுக்குள்ளால் போகும் ஒற்றை வழி. இரண்டு பக்கமும் வாழை... ஒரு வீட்டு வெளிச்சம்கூட இல்லை. அந்த வழியால்தான் மார்கிரட் ரீச்சர் ஸ்கூட்டரில் தனியே வந்துகொண்டிருந்தார். நம் லவீனாவின் பெரியம்மா. நம்பாதவர்கள் லவீனாவையே கேளுங்கள். ஆனால் இன்றைக்குக் கேட்காதீர்கள்.

பியானோப் போட்டி என்றால் ரீச்சர்தான் நடுவர். வாசிப்பது யாரென்று தெரியாதபடி நடுவே ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் ரீச்சர், ஒரு மேசை மணி, சாவி முறுக்கினால் தாளம் தட்டும் மெட்ரோனோம். ஒவ்வொருவரும் தொடங்குமுன், வாசிக்கப்போகும் துண்டின் வேகத்துக்கு அதன் கம்பியிலுள்ள எடையை நகர்த்தி, ரிக் ரிக்கென்று ஆடவிட்டு, அந்த வேகத்தை மனதில் பிடித்துக்கொள்வார். அதற்குப் பிந்தினாலோ முந்தினாலோ மணிதான்; வாசிப்பு அதோடு சரி. ஈவிரக்கம் கிடையாது.

போன வருடம் குருநகர்க் கிறிஸ்ரினா வந்தாள். வென்றால் கொழும்பில் போய்ப் படிக்கலாம். அதற்காகவே மாதா கோயில் பியானோவில் ஒரே ஒரு மெதுவான இசைத் துண்டை மாதக்கணக்காகப் பழகியிருந்தாள். விரலுக்குக் கற்பூரத் தைலம் பூசித்தான் வாசிப்பாள். திரையைத் தாண்டி மணக்கும்.

பாதியில் மணி அடித்தது.

"முடிய விடுங்கோ, ரீச்சர்," என்றது திரைக்குப் பின்னால் குரல். "கடைசி வரியையும் கேட்டிட்டுச் சொல்லுங்கோ."

"உது செத்த வீட்டு வேகம்," என்றார் ரீச்சர். "அடுத்த ஆளை விடுங்கோ."

அடுத்த ஆளுக்காக மெட்ரோனோமை எடுத்தபோதுதான் கண்டார்... எடை, கிறிஸ்ரினாவுக்கு முந்தின பிள்ளையின் வேகமான துண்டுக்கு வைத்த இடத்திலேயே நின்றது. நகர்த்த மறந்துவிட்டார். பிழை தன்னுடையது. ஆனால் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. பெயர் கெட்டுவிடுமாம். பாழாய்ப் போன பெருமை! அடுத்த மாதமே கிறிஸ்ரினா டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள்.

சரி, இப்போது அந்தத் தோட்ட வழி. ஸ்கூட்டர் இருமி நின்றது. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. வேறு சத்தமில்லை. பிறகு, இருக்கைக்கு அடியில்... ரிக்.

அங்கே பைக்குள் இருந்த, சாவி முறுக்காத மெட்ரோனோம்.

ரிக்... ரிக்... மெதுவாக. ஈர வாழை மணத்துக்குள்ளே கற்பூரத் தைலம். அப்புறம் வாழைகளுக்குள்ளிருந்து பியானோ கேட்டது. அதே துண்டு... போன வருடம் மணி அடித்த இடத்திலிருந்து.

ரீச்சர் காதைப் பொத்தினார். பிரயோசனமில்லை. சத்தம் நெஞ்சுக்குள் அடித்தது.

"பிழை என்ரைதான், பிள்ளை," என்று கும்பிட்டாராம். "நான் எல்லாருக்கும் சொல்லுறன். நிப்பாட்டு."

கழுத்துக்குப் பின்னால், மூச்சுப் படும் தூரத்தில்...

"முடிய விடுங்கோ, ரீச்சர்."

தோட்டத்துக்குத் தண்ணீர் பார்க்க வந்தவர்கள், விழுந்து கிடந்த ரீச்சரைக் கண்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நோய் வருத்தம் ஒன்றுமில்லையாம். நாடி மட்டும் மெதுவாம். நடந்ததை ரீச்சர் லவீனாவிடம்தான் சொன்னார்; அவளும் பியானோ படித்தவள். ரீச்சரின் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணிப் பார்த்தாள். அந்தத் துண்டின் வேகம்... துளியும் பிசகாமல்.

போன வாரம் அவள் அதன் இசைப் புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தாள். கடைசி வரிக்கு மேலே, போகப் போக இன்னும் மெதுவாக வாசிக்கச் சொல்லிக் குறி போட்டிருக்கிறது.

நேற்றுப் பின்னேரத்திலிருந்து ரீச்சரின் நாடி குறையத் தொடங்கியிருக்கிறது.