பின்சக்கர ஸ்டாண்டு வாங்கிய விவரமும் வண்டி சரிந்த விதமும்

என் பெயரும் முகவரியும் மேலே எழுதியுள்ளபடி சரியானவை. வயது நாற்பத்து மூன்று. வீட்டின் முன்னறையில் நானும் என் கணவரும் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை நடத்தி வருகிறோம். போன வருடம் பக்கவாதம் வந்ததில் என் கணவருக்கு இடது கை விழுந்துவிட்டது. அதன் பின்னர் கனமான வண்டிகளை அவரால் இழுத்து நிறுத்த முடியாததால், சர்வீஸ் ஸ்டாண்டு ஒன்று வாங்க முடிவு செய்து, கணவரின் தம்பியான என் கொழுந்தனாரையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

எஞ்சினுக்கு அடியில் வைத்துத் திருகி ஏற்றும் ஜாக்கியே போதும் என்று கொழுந்தனார் சொன்னார். அதன் மேல் ஒரு வண்டியை ஏற்றச் சொல்லிப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தேன், ஆடியது. பின்சக்கரத்தின் இருபுறமும் தாங்கும், அகலக் கால் வைத்த ஸ்டாண்டையும் அவ்வாறே ஆட்டினேன். கடைக்காரர், "ஏம்மா, வண்டிக்குப் பாக்கறீங்களா, தொட்டிலுக்கா?" என்று சிரித்தார். அந்த ஸ்டாண்டு அசையவில்லை. நான் வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டால், கணவர் அதன் பிடியைக் காலால் மிதித்தே தூக்கிவிடலாம். முன்பக்கம் தள்ளினால் மட்டும் வண்டி இறங்கிவிடும் என்று கடைக்காரர் எச்சரித்தார். அதைக் கொழுந்தனாரும் கேட்டார். அதையே வாங்கினேன்.

சம்பவத்தன்று காலை, கொழுந்தனாரின் வண்டிக்குச் செயின் மாற்றுவதற்காக அதை அந்த ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைக் கழற்றியிருந்தோம். அப்போது அவர் வந்து, வீட்டைப் பாகம் பிரிப்பது பற்றிப் பேச்செடுத்தார். பேச்சு தடித்தது. அதன் பின்னர் அவர், "என் வண்டியக் குடு, நான் போறேன்" என்று சொல்லி அதன் மேல் ஏறி உட்கார்ந்தார். கோபத்தில் அவர் எதையும் கவனிக்கவில்லை. என் கணவர், "டேய், எறங்குடா! சக்கரம் இல்லடா!" என்று கத்தினார். அதற்குள் கொழுந்தனார் வண்டியை முன்னால் உந்தினார். ஸ்டாண்டு விலகி வண்டி அவர் கால்மேல் சரிந்தது. என் கணவர் வலது கையை நீட்டி ஹேண்டில்பாரைப் பிடித்தார். வண்டி அந்தக் கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. அப்போதும் அவர் விடவில்லை. நான் ஓடிவந்து வண்டியை நிமிர்த்திய பிறகுதான் அவர் விரல்களைப் பிரித்தெடுக்க முடிந்தது.

ஹேண்டில்பாரில் என் கணவரின் கை இருந்ததைப் பார்த்ததாக எதிர்வீட்டுக்காரர் சொன்னது உண்மை. அது பிடித்த கை. தள்ளிய கை அல்ல. பாகத் தகராறில் என் கணவர் தள்ளிவிட்டதாகப் புகார் கொடுத்திருக்கும் என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, அப்போது அங்கே இல்லை.

அண்ணன் தம்பி இருவரும் ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் இருக்கிறார்கள். கொழுந்தனாருக்குக் கால் முறிந்திருக்கிறது. என் கணவருக்கு இப்போது இரண்டு கையும் உதவாது. இன்று காலை நான் பால் வாங்கி வந்தபோது, கொழுந்தனார் கட்டில் ஓரத்துக்கு நகர்ந்து வந்து, டம்ளரை என்னிடமிருந்து வாங்கி அண்ணன் வாயில் பிடித்தார். என் கணவர், "மெதுவாடா, மூக்குல ஊத்தாத" என்றார். அதன் பின்னர் கொழுந்தனார் என்னிடம், "அண்ணி, வண்டியத் தள்ளினது யாருன்னு போய்ச் சொல்லிட்டு வாங்க. நான்தான்னு சொல்லுங்க" என்றார். வாசலில் நின்ற ஓரகத்தி உள்ளே வந்தார். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு கழுவப் போனார்.

நான் சொன்னபடி எழுதப்பட்டதை வாசித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. அனைத்தும் உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)