கிணத்தடி வயலுக்காரர் யார்?

— நான் ஒட்டுன லிஸ்டக் கிழிச்சுப் போட்டா முடிஞ்சுதா அண்ணாச்சி? மன்சூர் அலி கடையில இன்னும் இருபது ஜெராக்ஸ் சொல்லி வச்சிருக்கேன்.

— ஏட்டி சங்கரேஸ்வரி, இது நம்ம ஊர்ச் சங்கம். நான் தலைவரு. இந்த வானமாமலை பேரச் சங்கத்து போர்டுலயே ஒட்டுவியா?

— ஒங்க பேரு மட்டுமா? நம்ம ஊருல உழவர் உதவித்தொகை வாங்குத அம்புட்டுப் பேரும் இருக்கு. எல்லாரும் பாக்கட்டும்னு சர்க்காரே நெட்டுல போட்டது. தாராவியில நெட்டு பாக்காதவுகளுக்கு நான் செவுத்துல போட்டேன்.

— வருசத்துக்கு ஆறாயிரம். மாட்டுங்காவுல என் கடை கரண்டு பில்லுக்குக் காணுமா அது?

— காணாதுல்லா? பெறவு எதுக்கு வாங்குதீங்க? வருமான வரி கட்டுதவங்களுக்குக் கெடையாதுன்னு அதுலயே போட்டிருக்கு. நீங்களும் வாங்குதீங்க, செம்பூரு பிளாட்டுல இருக்க ஒங்க மவனும் வாங்குதான். அவன் வயல்ல கால் வச்சதே கல்யாண போட்டோ எடுக்கத்தான்.

— பட்டா எங்க பேருல இருக்கு, வருது. இதுல என்ன லஃப்டா, என்ன வம்பு ஒனக்கு?

— உழுதது என் தம்பி வெயிலுமுத்து. போன மழையில நெல்லு மூழ்குச்சு. நட்ட ஈடு கேட்டுப் போனா, பட்டாக்காரனக் கூட்டிட்டு வான்னு சொல்லுதாவ. வயலு என்னுதுங்குத நீங்க இங்க துவரம் பருப்பு நிறுத்துக்கிட்டு இருக்கீங்க.

— சங்கரேஸ்வரி, பாத்துப் பேசு. என் கடையில சம்பளம் வாங்கித் தின்னவ நீ.

— சும்மா குடுத்தீகளா? ஒம்போது வருசம் மூட்ட தூக்குனேன். இப்பப் பை தைக்கேன், அங்கயும் யாரும் சும்மா குடுக்கல.

— சரி, கேளு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, மீட்டிங்கு. லிஸ்டு ஒட்டுனது தப்புன்னு நாலு பேரு முன்னால சொல்லிரு. இல்ல, ஒந்தம்பிய வயல விட்டு எறக்கிருவேன்.

— எந்த வயல விட்டு?

— என்னட்டி தெரியாதது மாதிரி கேக்க? கிணத்தடி வயலு. ஒன்னரை ஏக்கரு.

— அண்ணாச்சி, லிஸ்டு முழுசா வாசிச்சீங்களா?

— மொதப் பேரே என் பேரு. பாத்ததும் கிழிச்சுட்டேன். மிச்சத்த எவன் வாசிச்சான்?

— வாசிச்சிருக்கணும். அதுல என் பேரும் கெடக்கு. எனக்கு ஏது நெலம்னு பட்டாவ எடுத்துப் பாத்தேன்.

— பட்டாவா? எந்தப் பட்டாட்டி?

— கிணத்தடி வயலு பட்டாதான். அம்மன் கொடைக்கு ஊருக்குப் போனப்போ, சாட்சிக் கையெழுத்துன்னு பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போனீங்க. கடையில வேல பாக்குத எல்லாரும் ஆதாரு, பாஸ்புக்கு அம்புட்டையும் பத்திரமா இருக்கட்டும்னு ஒங்க கிட்டதான குடுத்து வப்போம். எம் பேருல உதவித்தொகையும் எழுதிப் போட்டு எடுத்திருக்கீங்க.

— அது... ஒரு கணக்குக்காகப் பண்ணுனது. நெலம் என்னோடதுட்டி. ஒனக்கே தெரியும்.

— எனக்குத் தெரிஞ்சது போதாது, மீட்டிங்குல நீங்களே சொல்லுங்க. வரிக்குப் பயந்து வேலைக்காரி பேருல எழுதுனேன், அவ பேருல உதவித்தொகையும் எடுத்தேன்னு நாலு பேரு முன்னால சொல்லுங்க.

— அப்படிச் சொல்ல முடியுமாட்டி?

— முடியாதுல்லா? அப்பக் கிணத்தடி வயலு என்னோடது. வெயிலுமுத்துக்குக் குத்தகைச் சீட்டு எழுதி நேத்தே அனுப்பிட்டேன்.