புது நங்கூரத்துச் சேறு

— அந்தப் பூதக்கண்ணாடிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இரிந்தது காணும் புள்ள. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்ல முந்தி எனக்கு ஒரு பதில் வேணும்.

— கொஞ்சம் பொறுங்க காக்கா. சேத்துக்குள்ள கிடந்த இது ஆனைத் தந்தம் மாதிரி வளைஞ்சிருக்கு, ரெண்டு முனையிலயும் ஓட்டை. தந்தச் சிப்பிதான். அதில எந்த இனம் எண்டதுதான் கேள்வி.

— பேரு எனக்கெதுக்கு? நானென்ன அதுக்குக் கலியாணமா பேசப் போறன்? எந்தத் தண்ணியில கிடக்கிற சாமான், அதச் சொல்லுங்க.

— பேரக் கண்டாத்தானே தண்ணியச் சொல்லலாம்.

— மாமா, எழும்புங்க, நம்மட பாலமுனைக்குப் போவம். இஹ்ஸானுக்கு உடல் இல்லாமலே காயிப் ஜனாஸா தொழுறெண்டு பள்ளிவாசல் மைக்கில சொல்லியும் போட்டாங்க. பள்ளி நடத்துற மரைக்காரெல்லாம் உங்களத்தான் பாத்துக்கிட்டு இரிக்காங்க.

— பாக்கட்டும். என்ட மகன்ட மையித்த ஆரு கண்ட? நீ கண்டயா ஸஹீத்?

— எத்தின தரம் சொல்லுற? நாப்பது பாக ஆழத் தண்ணி, கப்பல் போற இடம். நங்கூரம் போட்டுக் கிடந்தம். அலை அடிச்சிச்சி, நம்மட மீன் போட்டு சரிஞ்சிச்சி, மச்சான் விழுந்திட்டான். தேடித் தேடிப் பாத்திட்டுத்தான் நங்கூரத்த இழுத்துக்கிட்டு வந்த.

— அல்லாவப் புடிச்சிச் சத்தியம் பண்ணெண்டா மட்டும் உன்ட வாய் ஒட்டிப்போகுது.

— தம்பி, வெளிச்சத்த மறைக்காதீங்க. காக்கா, இந்தச் சேறு எதில இருந்தது?

— இவன் கொண்டந்த நங்கூரத்துப் பல்லுல. நான்தான் கரண்டியால சுரண்டி சொப்பின் பேக்கில போட்ட. படிச்ச ஆக்கள நான் நம்புறல்ல. இவன அதவிடவும் நம்பல்ல, அதான் சிப்பி படிக்கிற உங்கட வாசலுக்கு வந்த.

— நங்கூரமெண்டா எத்தினையோ இடத்துச் சேறு ஒட்டியிருக்குமே.

— அதத்தான் மிஸ் நானும் சொல்லுற.

— நீ வாயப் பொத்து. அது புது நங்கூரம் புள்ள, அண்டைக்குத்தான் முதல் முதல் தண்ணி கண்ட. புது நங்கூரத்துல ஒட்டுற முதல் சேத்த நம்மட குடும்பத்தில கழுவுறல்ல, காஞ்சு தானா உதிரணும். இவன் அந்த மீன் போட்ட உரஞ்சி உரஞ்சிக் கழுவின, நங்கூரத்தத் தொடல்ல. அந்த மட்டுக்கு நல்ல மருமகன்.

— அப்ப சரி. இஞ்ச பாருங்க. நான் ஆழச் சேத்தில எடுத்தது வேற இனம், வழுவழுப்பா இருக்கும். இதில நீட்டுக்கு வரம்பு ஓடுது. அதக் கூர் முனையிலதான் எண்ண வேணும், அகலமாக ஆக வரம்பும் கூடிரும்.

— எண்ணுங்க.

— இதின்ட முனை உடைஞ்சிருக்கு. இதுவும் அப்பிடித்தான்.

— எல்லாம் உடைஞ்சா கிடக்கு?

— பொறுங்க. இது முழுசு. ஆறு வரம்பு. கரைக்குக் கிட்ட மணல்ல புதைஞ்சு கிடக்கிறது, நாலஞ்சு பாகத் தண்ணியில. கோமாரிக் கரைப் பக்கம் எடுத்திருக்கிறன்.

— செத்த சிப்பின்ட காலி ஓட்ட நீரோட்டம் எங்கயும் கொண்டுபோகும் மிஸ்.

— காலி ஓடெண்டா நானும் அப்பிடித்தான் சொல்லுவன் தம்பி. இதுக்குள்ள சதை காஞ்சு ஒட்டிக் கிடக்கு. உயிரோட கிடந்தத நங்கூரம் கிளப்பியிருக்கு.

— நாலு பாகத் தண்ணியில என்ட மகன் தாழமாட்டான். கரையக் கண்ணால காணுற தூரம் அது. அவன என்னடா செஞ்ச?

— கைய எடுங்க மாமா.

— காக்கா, சேட்டுக் காலர விடுங்க. மூச்சு முட்டுது அவருக்கு.

— முட்டட்டும். அடிச்சயா? தள்ளினயா? மகள்ட மாப்புளையெண்டு பாக்க மாட்டன், இப்பிடியே பொலிசுக்கு இழுத்துக்கிட்டுப் போவன்.

— அவன் மௌத்தாகல்ல மாமா. கோமாரியில நங்கூரத்தப் போட்டு நான்தான் இறக்கிவிட்ட. நீந்திக் கரையேறி, பஸ்ஸில போயிட்டான்.

— என்ன சொன்ன?

— உயிரோட இரிக்கான். எங்கயெண்டு எனக்கும் சொல்லல்ல.

— அப்ப என்னத்துக்கு இந்தப் பொய்? அவன்ட உம்மா சோறு தண்ணி இல்லாமக் கிடக்காள்.

— கடல் எனக்கு ஒத்துவரல்ல, கொழும்பில வேலைக்குப் போறனெண்டு அவன் உங்கள்ட்ட எத்தின தரம் கேட்ட? என்ட போட்டுல இருந்து நீ மையித்தாத்தான் இறங்குவாயெண்டு நீங்க பள்ளிவாசலுக்கு முன்னால ஊரே கேக்கச் சொன்ன. அப்ப வாப்பாட்ட மௌத்தெண்டே சொல்லு மச்சானெண்டு அவன்தான் சொன்னான்.

— நல்ல செய்திதானே காக்கா. இந்தத் தண்ணியக் குடிங்க.

— நான் பள்ளிக்குப் போன் பண்ணித் தொழுகைய நிப்பாட்டச் சொல்லுறன் மாமா. என்ன வேணுமெண்டாலும் ஏசுங்க, கேட்டுக்கிறன்.

— அந்தப் போனப் பைக்குள்ள வை. ஓட்டோவ எடு. என்ட போட்டுல இருந்து இறங்கினவன் எனக்கு மையித்துத்தான். தொழுகை நடக்கட்டும், முன் வரிசைச் சப்பில நான் நிப்பன்.