கூப்பிட்டும் திரும்பாத பிள்ளைகளின் அஞ்சுகம் டீச்சருக்கு

அலையோரத்து மழலையர்க்கு அன்னையாய், ஆசானாய், முப்பத்தோர் ஆண்டுகள் கருக்களாச்சேரி அங்கன்வாடியில் அமுதும் அறிவும் ஊட்டி, இன்று பணி நிறைவு பெறும் அருமை அஞ்சுகம் அம்மையார் அவர்களுக்கு, உடனுழைத்தோர் கனத்த நெஞ்சோடு படைக்கும் மடல் இது.

புகழ்மொழிகளை மட்டுமே அடுக்கி நாங்கள் எழுதிச் சென்ற முதல் படியை அம்மையார் ஏற்கவில்லை. "அல்லி மவளப் பத்தி ஒரு வரி இல்லயே. அதையும் எழுதுங்க. இல்லன்னா எனக்கு மடலே வேண்டாம்" என்றார். அவர் சொற்படியே எழுதுகிறோம்.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன், விசைப்படகுத் தொழிலாளி சிலம்பரசனுக்கும் அல்லிக்கும் பிறந்த வினோதினிக்கு ஒன்றரை வயது. எடை பார்க்கும் நாளில் மற்ற பிள்ளைகள் தாயைத் தேடி அலற, அவள் யாரையும் தேடவில்லை. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பவில்லை. தட்டு விழுந்த ஓசைக்கோ சட்டெனத் திரும்பினாள். எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லை. முன்பு சொல்லிக்கொண்டிருந்த 'அம்மா'வும் நின்றுபோயிருந்தது. ஊரோ, அடக்கமான பிள்ளை என்று மெச்சியது. பணியாளர் பயிற்சி வகுப்பில் கேட்ட ஆட்டிசம் என்னும் சொல் அம்மையார் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

வீடு தேடிச் சென்று, டாக்டரிடம் காட்டச் சொன்னார். பெண் பிள்ளைக்குப் பட்டம் கட்டுகிறாயா என்று வீட்டுப் பெரியவர்கள் வாசலில் வைத்தே ஏசினார்கள். அல்லி தலைகுனிந்து நின்றார். மனம் குன்றித் திரும்பிய அம்மையார் மறுபடி அந்தப் படியேறவில்லை. நாள்தோறும் மையத்தில் குழந்தையைப் பார்த்தார், நாவை அடக்கிக்கொண்டார்.

ஐந்து வயதில்தான் டாக்டரிடம் போனார்கள்; அவரும் ஆட்டிசம் என்றே சொன்னார். அங்கிருந்து அல்லி நேரே மையத்துக்கு வந்தார். "எங்க வூட்டுல திட்டுனாங்க, சரி. இன்னொரு தடவ வந்து சொல்லியிருக்கலாமுல்ல டீச்சர்? நா வந்திருப்பேன்" என்றார்.

வினோதினிக்கு இப்போது வயது பதினாறு நடக்கிறது. தானே உண்ணவும் உடுத்தவும் பழகிவிட்டாள்; பேச்சு வரவில்லை. முன்னரே பேச்சுப் பயிற்சி தொடங்கியிருந்தால் வந்திருக்குமா என்று எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை. அந்த ஐயத்தைத்தான் அம்மையார் இத்தனை ஆண்டும் சுமந்தார்.

அதன்பின் அவர் ஏச்சுக்கு அஞ்சவில்லை. கோட்டுச்சேரிமேட்டில் பாலகுரு என்னும் சிறுவனின் வீட்டுக்கு ஏழு முறை நடந்தார். ஏழாம் முறைதான் அவன் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடன் கிளம்பினார். இப்படி ஒன்பது பிள்ளைகள் மூன்று வயதுக்குள் பயிற்சிக்குச் சென்றார்கள். நாங்கள் பாராட்டியபோது, "ஒம்போது போச்சு. ஒண்ணு போவலயே" என்றார்.

அம்மையீர்! உங்கள் துயரை வாங்கிக்கொள்ள எங்களால் ஆகாது. ஞாயிறுதோறும் அல்லி வீட்டுக்குச் சென்று வினோதினிக்குத் தலை பின்னிவிடுகிறீர்கள் என்பதை அறிவோம். அல்லி உங்களுக்கு மன்னிப்பு என்று எதுவும் சொன்னதில்லை, தேநீர் மட்டும் தருகிறார் என்பதையும் அறிவோம். நோயற்ற உடலும், உறுத்தலற்ற உறக்கமும் பெற்று நெடிது வாழ்க. இனி வாசலில் நின்று ஏச்சு வாங்குவது எங்கள் முறை. வாங்குவோம், மறுநாளும் போவோம்.

உங்கள் வழி நடக்கும்,
அங்கன்வாடிப் பணியாளர்கள், உதவியாளர்கள்.