தேரிக் கெணத்தடியில பேர் சொல்லுதது

அந்தக் காலத்துல, இந்தச் செம்மணல் தேரிக்காட்டுல அந்தோணியார் கோயிலு வெறும் ஓலைக் குடிசையா நின்ன காலத்துல, வடலிவிளைன்னு ஒரு ஊர்ல தொம்மைன்னு ஒருத்தன் இருந்தானாம். மூக்குக்கு மேல கோவம். நம்ம வம்சத்துக்காரன்தான், அதனால நான் ஏசலாம்.

அவன் அப்பன, பனை வரப்புச் சண்டையில கயித்தான்னு ஒருத்தன் வெட்டிப் போட்டான். தொம்மை சத்தியம் பண்ணிட்டான்: “கயித்தான் தலைய எடுக்காம ஓய மாட்டேன்.”

தம்பி இஞ்ஞாசி கால்ல விழுந்தான். “வேண்டாம்ணே. அப்பனும் போயாச்சு. நீயும் தூக்குல தொங்கவா?”

“சீ, பயந்தாங்கொள்ளி! ஆத்தாளுக்குத் தொணையா வீட்ல கெட.” தம்பிய எத்தித் தள்ளிட்டு, அருவாள முதுகுல சொருகிட்டு, கயித்தான் மொட்டை போட வருவான்னு கேள்விப்பட்டு, இந்தக் கோயில் திருநாளுக்கு நடந்தானாம்.

இங்க வந்தா எல்லாருக்கும் காவி வேட்டி. கயித்தானுக்கு மட்டும் தோள் வரைக்கும் முடி. அந்த முடிய வச்சு அடையாளம் கண்டான். கயித்தான் மொட்டை போட உக்காருதான். கோயில் வாசல்ல ரத்தம் சிந்தப்படாது, கெணத்தடிக்குக் குளிக்க வரட்டும்னு, தொம்மை பனை மூட்டுல பதுங்கிட்டான்.

பொழுது சாயுத நேரம். ஒரு மொட்டை வந்துச்சு. காவி வேட்டி, அதே ஒசரம். குனிஞ்சு வாளிய எடுத்துச்சு.

கூப்பிட்டா ஓடிருவான்னு தொம்மை வாயே தெறக்கல. பின்னால போயி வெட்டினான். கழுத்துல ஒண்ணு, தோள்ல ஒண்ணு. எலும்புல மாட்டுன அருவாள, முதுகுல மிதிச்சு உருவி, மறுபடியும் வெட்டினானாம்.

பொரட்டிப் பாத்தா, இஞ்ஞாசி!

“அண்ணே... ஒன் கோவம் தணியணும்னு... மொட்டை போட நேந்துக்கிட்டு... ஒம் பின்னாலயே வந்தேன்...” அவ்வளவுதான். வாயில ரத்தம் நொரைச்சுது.

அப்பதான் கயித்தான் புது மொட்டையோட வாரான். தொம்மை அருவாள அவன் காலடியில போட்டுட்டு மண்ணுல உருண்டான். “வெட்டுலே! என்னையும் வெட்டுலே!”

கயித்தான் அருவாளத் தொடல. இஞ்ஞாசியத் தூக்க, குனிஞ்சு ஒரு பக்கம் புடிச்சானாம்.

செயிலுக்குப் போயி நரைச்சு வந்த தொம்மை ஊருக்குப் போகல. இந்தக் கெணத்தடியிலயே கெடந்தான். வாற மொட்டைய எல்லாம், “யாரு மக்கா நீ? எந்த ஊரு?”ன்னு கேப்பானாம். பதில் வந்த பெறகுதான் வாளியக் குடுப்பானாம். சாவுற வரைக்கும் அதான் அவன் வேலை.

அன்னைக்கும் அப்படி ஒரு வார்த்தை கேட்டிருந்தா தம்பி திரும்பிப் பாத்திருப்பான்லா? பாவி, கேக்கலியே!

அதனாலதான் இங்க மொட்டை போட்டவுக, பேரையும் ஊரையும் சொல்லாம தண்ணி கோரப்படாது. போங்க, சத்தமாச் சொல்லிட்டுக் குளிங்க.