பொட்டிலதான் கோளாறுண்ணா

இல்லண்ணா, நீங்க கேமராவ எதுக்கு நோண்டுறீங்க? கேமரா தங்கம்! அது தலைல மாட்டிருக்கே இந்த ரெக்கார்டர், இந்தப் பொட்டிலதான் கோளாறு. கழுத்த அறுத்துருச்சுண்ணா என்னைய. கேபிள மாத்திப் பாத்தேன். டிஸ்க்க மாத்திப் பாத்தேன். பேட்டரிய மாத்திப் பாத்தேன். இனி பொண்டாட்டிய ஒருத்தியத்தான் மாத்திப் பாக்கல... சும்மா சொன்னேன், சும்மா. வெளிய வண்டில அவங்கம்மா உக்காந்திருக்காங்க, மெதுவா பேசுவோம்.

கேமராவே பதியுமே, இது எதுக்குன்னு கேக்குறீங்க. என் கேமரா அரைமணி நேரம் ஓடினா தானா நின்னுரும். மனுசங்க பேச ஆரம்பிச்சா அரைமணில நிறுத்துறாங்களா? சில பேருக்கு வாய மூடவே தெரியாதுண்ணா! அதான் வாங்கினேன். கடைல ரெண்டு காட்டினாங்க. ஒண்ணு சின்னது, உள்ளங்கை அளவு, கேபிள் கழண்டு விழாம பூட்டெல்லாம் இருந்துச்சு. இன்னொண்ணு இது, சாப்பாட்டுத் தட்டு மாதிரி. 'சின்னது போதும்'னான் ஒல்லி. லைட் புடிக்கிறவன், அவனுக்கென்ன தெரியும்? பொட்டி பெருசா இருந்தாத்தானே பாக்குறவன் மதிப்பான்! தூக்கிட்டு வந்தேன். பேட்டரிய என்னமா தின்னுதுங்கிறீங்க... காஞ்ச மாடு கம்புல பூந்த மாதிரி! அதனால ஸ்க்ரீன் வெளிச்சத்த சுத்தமா கொறச்சுட்டேன். ஆமா, ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியாதுதான். தெரிஞ்சு என்ன பண்ண? தொட்டா ஓடும், திரும்பத் தொட்டா நிக்கும். அவ்ளோதானே!

அட, விஷயத்துக்கு வர்றேன். என் மாமியார் ஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸ். போன சனிக்கிழம ரிடையர்மெண்ட் விழா. பதினோரு வருஷமா என்னைய 'போட்டோக்காரர்'னுதான் சொல்லுவாங்க. போட்டோ வேற வீடியோ வேற அத்தைன்னா, 'ரெண்டும் நின்னுக்கிட்டு வேடிக்க பாக்குறதுதானே'ம்பாங்க. அப்பேர்ப்பட்டவங்க... மேடைல... மைக்கப் புடிச்சு, 'என் மருமகன் தொழில்ல கெட்டிக்காரர், அவர நம்பி எதையும் ஒப்படைக்கலாம்'னு சொல்லிட்டாங்கண்ணா! நானூறு பேர் முன்னாடி! எனக்கு பொலபொலன்னு கண்ணுல தண்ணி. கேமராவுக்குப் பின்னாடி நின்னு அழுதேன்.

அந்த ஒரு நிமிஷம் எனக்கு வேணும்ணா. மத்த பேச்செல்லாம் போனாப் போகுது. அது மட்டும் வேணும். சாயங்காலம் சொந்தபந்தம் மொத்தமும் அதப் பாக்கத்தான் வீட்டுக்கு வருது. அத்தையும் இங்க என்கூடவே கெளம்பிட்டாங்க, 'கடைல அப்படி என்னதான் பண்றீங்கன்னு நானும் பாக்குறேன்'னு.

உள்ள என்ன இருக்கா? பதினோரு ஃபைல் இருக்கு. திறந்தா தரை தெரியுது. என் செருப்பு தெரியுது. கர்ட்டன் தெரியுது. பொட்டிக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு மூடி வச்சுட்டேன். கேமராக்குள்ள கார்டா? போடலண்ணா. அதான் தலைக்கு மேல இவ்ளோ பெரிய பொட்டி இருக்கேன்னு...

என்னது, இந்தக் கருப்பு டேப்பா? நான்தான் ஒட்டினேன். ரெக்கார்ட் ஆவுதுன்னு சிவப்பு லைட் எரிஞ்சா, பேசுறவங்க அதப் பாத்து வெறச்சுப் போறாங்கண்ணா. பிய்க்காதீங்க... சரி, பிய்ங்க. உங்க இஷ்டம். ஆங், எரியுதுல்ல? லைட்ல ஒரு கொறையும் இல்ல.

அன்னைக்கா? காலைல டெஸ்ட் பண்ண ஒரு தட்டு தட்டினேன். ஓடிச்சு. அப்புறம்... அப்புறம் நாற்காலி கோணலா இருக்குன்னு மாமியார் கூப்பிட்டாங்க, போயிட்டேன். திரும்பத் தட்டினேனா? ம்... தட்டிருப்பேன். இல்ல... விழா ஆரம்பிச்சப்பத்தான் அடுத்த தட்டு...

இருங்க. இருங்கண்ணா. அப்ப நான் ஓட விட்டேன்னு நெனச்சப்பல்லாம் அது நின்னிருக்கு. நான் நிறுத்திட்டேன்னு நெனச்சப்பல்லாம்... ஐயையோ.

அந்த ஒன்பதாவது ஃபைல திறக்காதீங்க. வேணாம்ணா. அது அத்தை பேச்சுக்கு முன்னாடி டீக்கு விட்டப்ப, நானும் ஒல்லியும் சும்மா... அண்ணா! அந்தப் பெரிய டிவில ஏன் போடுறீங்க! சவுண்ட கொறைங்க! 'முப்பத்தஞ்சு வருஷம் ஊரான் புள்ளைங்கள உருட்டி மெரட்டுனது பத்தாதுன்னு, நாளைலேருந்து இருபத்தினாலு மணிநேரமும் நம்ம தலைலதான்டா...' அமத்துங்கண்ணா, கால்ல வேணா விழுறேன்! சனியன் புடிச்ச மைக்கு, எவ்ளோ தெளிவா...

வாங்க அத்தை.

எப்ப வந்தீங்க? உக்காருங்க. இல்ல, அது... அது ஒல்லி அத்தை. என் குரல் மாதிரியா இருக்கு? அவனுக்கு அன்னைக்கு ஜலதோஷம்...

சரி. நான்தான் அத்தை.

கோவப்படாம ஒண்ணு கேளுங்க. மேடைல என்னப் பத்தி ஒண்ணு சொன்னீங்கள்ல? அத மட்டும் இங்க நின்னு ஒரே ஒரு தடவ திருப்பிச் சொல்றீங்களா? அண்ணா, கேமராவ இப்படித் திருப்புங்க. தட்டுங்க. ஆங், ஓடுது. சொல்லுங்க அத்தை.

...ம்.

...ஆமாங்க அத்தை.

...தப்புதான் அத்தை. எங்கப்பாவையெல்லாம் எதுக்கு இழுக்குறீங்க...

அண்ணா, அத நிறுத்துங்கண்ணா. சிவப்பு எரியுது.